கிணறு வரை

பழவேற்காடு
ஹிஜ்ரி 1151, ஷவ்வால் பிறை 5

இறைவன் திருப்பெயரால். காயல்பட்டினத்தில் ஓதிக்கொடுக்கும் என் தம்பி நெய்னா லெப்பைக்கு, கூடப் பிறந்த லாத்தா செய்னம்பு சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. நான் சுகம். பெருநாளன்று உனக்கும் சேர்த்து ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நீ ஊரில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? அந்த ஊரில் மிளகு அதிகம் போடுகிறார்களாமே, பார்த்துச் சாப்பிடு.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நேற்று மதார் என்பவர் வாசலுக்கு வந்தார். உங்கள் ஊர்க் கலந்தர் மரைக்காயரின் காரியக்காரராம். "உங்க தம்பிகிட்டேர்ந்து எங்க மொதலாளி மணல்மேட்ட வாங்கிட்டாரு. கெணறும் அதுல சேத்திதான். ரெண்டு மாசத்துல வேலி போடுவோம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

மணல்மேட்டை விற்கப்போவதாக நீ போன வருஷமே சொன்னாய். அது உன் பங்கு. ஆனால் கிணறு அதில் எப்படிச் சேரும்? வாப்பா மௌத்தாகும் முன் தன் கையால் அரபியில் எழுதிவைத்த கொடைச் சாசனம் என் பெட்டியில்தான் இருக்கிறது. "மகள் செய்னம்புக்கு, வீட்டிலிருந்து கிணறு வரை. அதற்கு அப்பால் உள்ளது மகன் நெய்னாவுக்கு." இவ்வளவுதான் வாசகம். இதில் என்ன குழப்பம்?

கோட்டைக்கு வரும் ஒல்லாந்தர் கப்பல்களுக்குப் பீப்பாயில் தண்ணீர் ஏற்றும் குத்தகை மரைக்காயருக்குக் கிடைத்திருக்கிறதாம். அதனால்தான் கண் வைக்கிறார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, இரண்டும் உப்பு. நடுவில் நல்ல தண்ணீர் அந்த ஒன்றில்தான். குப்பத்துப் பெண்கள் முழுக்க அங்கேதான் மொள்ளுகிறார்கள். வாப்பா ஒரு நாளும் யாரையும் தடுத்ததில்லை.

மரைக்காயர் தவறாக எண்ணிக்கொண்டிருப்பார். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதைக் கொண்டுவரும் முனியன் நம் குப்பத்து ஆள், சலங்கில் மாலுமி. பதிலை அவனிடமே கொடு.

துஆவுடன்,
லாத்தா செய்னம்பு


காயல்பட்டினம்
துல்கஃதா பிறை 9

தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்த லாத்தாவுக்கு, நெய்னாவின் சலாம் வந்து சேரட்டும். உங்கள் கடிதத்தை முனியன் ஈரம் படாமல் சேர்த்துவிட்டான். வயிற்றுவலி போய்விட்டது, மிளகுதான் போகவில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். புது மதரஸாவின் கட்டடம் முடிந்துவிட்டது. கலந்தர் மரைக்காயர் என்னையே தலைமை உஸ்தாதாக நியமித்திருக்கிறார். முப்பத்திரண்டு மாணவர்கள். மலையாளக் கரையிலிருந்துகூட வந்திருக்கிறார்கள். கூரைக்குக் கீழே அமர்ந்து பாடம் சொல்லும்போது வாப்பாவை நினைத்துக்கொள்கிறேன். அவருக்குக் கடைசிவரை ஒரு கொட்டகைதான் கிடைத்தது.

கிணறு விஷயம். மரைக்காயர் கொழும்புக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசுகிறேன். ஆனால் லாத்தா, சாசனத்தின் வாசகம் நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தெளிவாக இல்லை. வாப்பா எழுதியிருக்கும் சொல் "இலா". தமிழில் "வரை". "கிணறு வரை" என்றால் கிணறும் உள்ளே வருமா, கிணற்றுக்கு முன்னாலேயே நின்றுவிடுமா? இலக்கண அறிஞர்கள் இந்த ஒரு சொல்லுக்காக நூற்றுக்கணக்கான வருஷங்களாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை யார் தீர்ப்பது? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, என்னோடு ஒரே பாயில் அமர்ந்து ஓதியவர் நீங்கள். ஆனாலும் சொல்கிறேன், பாடம் சொல்லும் பழக்கம் விடவில்லை. பஸராவிலும் கூஃபாவிலும் இலக்கணம் வகுத்தவர்கள் தங்கள் அறிவை மட்டும் நம்பி விதி எழுதவில்லை. ஒட்டகத்தின் பின்னால் திரியும் பாலைவனத்து அரபிகளிடம் போய், கொண்டுபோன மை தீரும்வரை அவர்கள் பாட்டுகளை எழுதிக்கொண்டார்கள். பேச்சில் ஒருவன் தடுமாறலாம். பாட்டில் யாப்பு அவனைப் பிடித்து நிறுத்தும். அதனால் ஒரு விதிக்கு ஒரு பழைய அடியைச் சாட்சியாகக் காட்டினால் எதிர்வாதம் அடங்கும். அன்னியரோடு பழகிய கடற்கரைக் கோத்திரத்தார் பேச்சைச் சாட்சிக்கு எடுக்கவே மாட்டார்கள்.

காஜியாரிடம் போங்கள். அவர் நேர்மையானவர். அவர் எதைக் கேட்கிறாரோ அதை எனக்கு எழுதுங்கள்.

உங்கள் நெய்னா


பழவேற்காடு
துல்ஹஜ் பிறை 2

தலைமை உஸ்தாதுக்கு லாத்தாவின் சலாம். படித்ததும் இறைவனுக்கு நன்றியாக சுக்ரானா இரண்டு ரக்அத் தொழுதேன். பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரை கொடுத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். முப்பத்திரண்டு பேருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்ளும், அதிமதுரம் வை.

காஜியாரிடம் போனேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சாசனத்தை நீட்டினேன். நீ சொன்னதையேதான் அவரும் சொன்னார். எல்லையும் நிலமும் ஒரே இனமாக இருந்தால் எல்லை உள்ளே சேரும் என்று ஒரு சாராரும், சேராது என்று பெரும்பாலோரும் சொல்கிறார்களாம். "எனக்கு ஒங்க பக்கந்தான் மனசு சாயுதும்மா. ஆனா மனசு சாயறத தீர்ப்பா எழுத முடியாது. பழைய அரபி ஒருத்தன் பாட்டுல ஒரு அடி இருந்தா கொண்டாங்க. இருக்கறது எதுவானாலும் அதும்படி எழுதிடறேன்" என்றார். அங்கே வந்திருந்த மதாரும் ஒப்புக்கொண்டார்.

திரும்பும்போது குப்பத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் குப்பன் சிரித்தான். "இன்னாம்மா இது, கெணறு வரிக்கும்னா கெணறும் சேத்திதானே? வலைய அடி வரிக்கும் வுட்டேன்னா அடி மண்ணத் தொடலியா?" அவன் பெண்சாதி கோவிந்தம்மா விடவில்லை. "த்தா, சும்மா கெட. நீ கோட்டை வரிக்கும் போய்ட்டு வந்தேன்னு சொல்றியே, கோட்டைக்குள்ளயா வுட்டாங்க ஒன்ன?" கூட்டம் முழுக்கச் சிரித்தது. பிறகு கோவிந்தம்மாவே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெணறு போவாது இல்லம்மா?" என்றாள். என் தம்பி அங்கே பெரிய உஸ்தாது, அவன் தேடிக் கொடுப்பான் என்றேன். கடற்கரையார் பேச்சு சாட்சிக்கு ஆகாது என்று நீ எழுதியதை அவர்களிடம் சொல்லவில்லை.

தேடு நெய்னா. "வரை" என்றால் எல்லையும் உள்ளே என்று காட்டும் ஓர் அடி. இன்னொன்று: நீ மரைக்காயருக்கு எழுதிக்கொடுத்த விற்பனைச் சீட்டில் கிணறு இல்லை என்று ஒரு வரி தனியாக எழுதி அனுப்பு. அது கையில் இருந்தால் எனக்குத் தைரியம்.

லாத்தா செய்னம்பு


காயல்பட்டினம்
துல்ஹஜ் பிறை 27

மதிப்புக்குரிய லாத்தாவுக்கு, சலாமுக்குப் பின். நலம், உங்கள் நலத்துக்குத் துஆ செய்கிறேன்.

பத்து நாள் தேடினேன். மரைக்காயரின் நூலகத்தில் ஏடன் துறைமுகத்திலிருந்து வந்த பழைய உரை நூல் ஒன்று இருக்கிறது. அதில் "அஸத் கோத்திரத்தான் ஒருவன் சொன்னான்" என்று ஓர் அடி கிடைத்தது. இஸ்லாத்துக்கு முந்திய காலம். அரபி மூலத்தைத் தனித்தாளில் காஜியாருக்காக எழுதியிருக்கிறேன். பொருள் இது:

"என் வாளிகளைச் சுமந்து கிணறு வரை நடந்தேன்;
கிணறோ பிறர் உடைமை, வறண்ட நாவோடு திரும்பினேன்."

உங்களுக்குப் புரிந்திருக்கும். அவன் "கிணறு வரை" வந்தான், கிணறு அவனுடையதாக இல்லை. எல்லை வெளியே நிற்கிறது.

இதை அனுப்பாமல் விட்டுவிடலாமா என்று எண்ணினேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கண்டபிறகு காணாததுபோல் இருக்க எனக்கு உரிமை இல்லை. கல்வி சொந்தக்காரருக்காகச் சாட்சி சொல்லாது என்று வாப்பா சொல்வார். தாளை காஜியாரிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். நான் வற்புறுத்தமாட்டேன்.

நெய்னா


பழவேற்காடு
ஹிஜ்ரி 1152, முஹர்ரம் பிறை 20

என் கண்ணான தம்பிக்கு, லாத்தாவின் சலாம். உடம்பு சுகம். புது வருஷம் பிறந்துவிட்டது.

தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ கஷ்டப்பட்டு உண்மையை அனுப்பியிருக்கும்போது நான் அதைப் பெட்டியில் பூட்டினால் எந்த முகத்தோடு பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது?

காஜியார் இரண்டு முறை வாசித்தார். "சொன்னவன் பேர் இல்லை. பேர் இல்லாத அடின்னா கொண்டாந்தவர் எப்படிப்பட்டவர்னு பாக்கறது வழக்கம். ஒங்க தம்பியப் பத்தி நீங்கதான் சொல்லணும்" என்றார். "அஞ்சு வயசுலேர்ந்து நான் வளத்த புள்ள. பொய் சொல்லிக் கேட்டதில்ல" என்றேன். மதார் குனிந்தே உட்கார்ந்திருந்தார். காஜியார் தீர்ப்பு எழுதினார். கிணறு எனக்கில்லை.

நான்காம் நாள் பனங்கழி வேலி போட்டார்கள். இரண்டு காவலாளிகள் நிற்கிறார்கள். குப்பத்துப் பெண்கள் இப்போது படகேறி, ஏரியைத் தாண்டிப்போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். காற்று எதிர்த்தால் திரும்பிவர உச்சிப்பொழுது ஆகிவிடுகிறது. கோவிந்தம்மா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளிடம் என்ன சொல்ல? என் தம்பி நேர்மையானவன், அதனால்தான் உனக்குத் தண்ணீர் இல்லை என்றா?

உன்மேல் வருத்தம் இல்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். விற்பனைச் சீட்டு பற்றிக் கேட்டிருந்தேன். இனி அது வேண்டியதில்லை.

லாத்தா


காயல்பட்டினம்
ஸபர் பிறை 11

லாத்தாவுக்கு சலாம். நலம். உங்கள் பெருந்தன்மையைப் படித்தேன். முனியன் அவசரப்படுத்துகிறான், காற்று மாறும் என்கிறான். கருப்பட்டி இரண்டு கூடை, ஏலம் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

அந்த அடி இங்கே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மாணவர்கள் பாடத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறார்கள். ஒருவன் மலையாளக் கரைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போனான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரமில்லை.

நெய்னா


பழவேற்காடு
ரபீயுல் அவ்வல் பிறை 6

தம்பி நெய்னாவுக்கு, சலாம். கருப்பட்டி வந்தது. குப்பத்துக்கு அனுப்பினேன்; ஒரு கூடை அப்படியே திரும்பி வந்தது. வெயில் கடுமை. குளிப்பதற்கு ஏரித் தண்ணீர்தான், உடம்பெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை குப்பன் காவலாளியோடு தகராறு செய்து, ஒரு குடமாவது மொண்டுகொள்கிறேன் என்று வேலியைத் தாண்டியிருக்கிறான். தடியால் அடித்ததில் வலது முன்கை முறிந்துவிட்டது. கட்டுப்போட்ட நாட்டு வைத்தியர் இரண்டு மாசம் வலை வீசக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஒரு சின்னச் சந்தேகம். நான் ஓதிக்கொடுக்கும் பெண்களுக்கு அந்த அடியை எழுதிக்கொடுக்கலாம் என்று தாளை எடுத்தேன். "என் வாளிகள்" என்ற இடத்தில் "அத்லாவ்" என்று இருக்கிறது. வாளி "தல்வு". அதன் பன்மை "திலா" அல்லவா? எந்த அகராதியிலும் "அத்லாவ்" எனக்குக் கிடைக்கவில்லை. காஜியாரைக் கேட்டேன். "நானும் மொதல்ல பாத்தப்போ திகைச்சேன். ஆனா அஸத் கோத்திரத்தானே சொல்லியிருக்கானே, அப்ப அந்தச் சொல் உண்டுன்னுதானே ஆவுது?" என்று சொல்லி, தன் புத்தகத்தின் ஓரத்தில் அந்தப் பன்மையைக் குறித்து வைத்திருப்பதையும் காட்டினார்.

நெய்னா, அந்தச் சொல்லை நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு வீட்டில்தான் கேட்டிருக்கிறேன்.

அந்த உரை நூலின் பெயர் என்ன? அதை உனக்குச் சொன்னவர் யார்? இரண்டையும் எழுது.

செய்னம்பு


பழவேற்காடு
ஜமாதுல் அவ்வல் பிறை 1

நெய்னாவுக்கு, சலாம். நலமாக இருக்கிறாய் என்று முனியன் சொன்னான். இரண்டு முறை வந்தபோதும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. "உஸ்தாது பாடத்துல இருந்தாரும்மா, வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன்" என்றான்.

குப்பனின் கை முறிந்த வழக்கு காஜியாரிடம் வந்தது. கிணறு தங்களுடையதுதான் என்று காட்ட மதார் விற்பனைச் சீட்டை உங்கள் ஊரிலிருந்து வரவழைத்திருந்தார். காஜியார் அதைத் திரைக்குள் எனக்கு அனுப்பினார். உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? அந்த "காஃப்" எழுத்தின் வாலை நான்தான் உனக்குச் சுழிக்கக் கற்றுக்கொடுத்தேன். "மணல்மேடும், அதிலுள்ள கிணறு உட்பட" என்று எழுதியிருக்கிறது. தேதி ரமலான் பிறை 18.

நான் உனக்கு முதல் கடிதம் எழுதியது அதற்குப் பிறகு வந்த ஷவ்வாலில். அப்போதே கிணறு விற்றாகிவிட்டது. மரைக்காயர் கொழும்பிலிருந்து வரட்டும் என்றாய். காஜியாரிடம் போகச் சொன்னாய். பத்து நாள் தேடினேன் என்றாய், சோறு இறங்கவில்லை என்றாய்.

அந்த அடியைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீயே காஜியாருக்கு எழுதிவிடு. பிழை என்று ஒரு வரி எழுது, போதும். நீ எழுதினால் மன்னிப்பார்கள். நான் சொல்லும்படி வைத்துவிடாதே.

செய்னம்பு


காயல்பட்டினம்
ஜமாதுல் ஆகிர் பிறை 3

லாத்தாவுக்கு, சலாம். உடம்பு அவ்வளவு சரியில்லை.

மரைக்காயர் கிணறு இல்லாமல் மணல்மேட்டை வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு ஒருவர் தலைமை உஸ்தாதாக வரக் காத்திருந்தார். எனக்கு ஒரு மாலை நேரம் அவகாசம் கொடுத்தார்கள். உங்களுக்கு எழுதிக் கேட்டு பதில் வர இரண்டு மாசம் ஆகும். நீங்கள் மறுக்கமாட்டீர்கள் என்று எண்ணினேன். நீங்கள் எனக்கு எதையும் மறுத்ததே இல்லை.

இலக்கண விதியில் நான் பொய் சொல்லவில்லை. பெரும்பாலோர் சொல்வது அதுதான்: எல்லை வெளியே நிற்கும். அடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உண்மை. முன்னோர் காலத்திலேயே இப்படி நடந்ததில்லையா? பேர் தெரியாத எத்தனை அடிகள் எத்தனை நூல்களில் சாட்சியாக நிற்கின்றன! அவை யாருடையவை என்று யார் போய்க் கேட்டார்கள்? நீங்களும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

காஜியாருக்கு எழுத என்னால் முடியாது. முப்பத்திரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். நான் சொன்ன எல்லா அடிகளையும் சந்தேகப்படுவார்கள், சரியானவற்றையும் சேர்த்து.

மதாரிடம் சொல்லியிருக்கிறேன். தினம் இரண்டு குடம் உங்கள் வீட்டுக்கு மட்டும் கொண்டுவந்து வைப்பார்கள். யாருக்கும் தெரிய வேண்டாம்.

நெய்னா


பழவேற்காடு
ரஜப் பிறை 14

நெய்னா லெப்பைக்கு, சலாம்.

இரண்டு குடம் வந்தது. குடத்தோடு குப்பத்துக்கு நடந்து, கோவிந்தம்மா வீட்டு முற்றத்தில் வைத்தேன். "யாரு குடுத்தா?" என்றாள். "என் தம்பி" என்றேன். பிறகு அங்கேயே மணலில் உட்கார்ந்து, நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "அப்ப நீயும் எங்க கூடத்தான் ஏமாந்தியா?" என்றாள் கடைசியில்.

மறுநாள் வாப்பாவின் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு காஜியாரிடம் போனேன். உனக்கு அதை நினைவிருக்கும், பச்சைத்துணி அட்டை. நாம் இருவரும் மனப்பாடம் செய்த பன்மைப் பட்டியல் அதில்தான் இருக்கிறது. "தல்வு, அத்லாவ்" என்ற வரியை வாப்பா கோடு போட்டு அடித்திருக்கிறார். பக்கத்தில், நீ காயலுக்குப் போன பிறகு எழுதியது: "இதை யாரிடமும் கேட்டு எழுதவில்லை. வக்துக்குப் பன்மை அவ்காத் என்று இருப்பதைப் பார்த்து நானாகக் கட்டிக்கொண்டேன். மஸ்கத்திலிருந்து கப்பல் கொண்டுவந்த நகுதா ஒருவர் கேட்டுச் சிரித்தார். சரியானது திலா. என் பிள்ளைகள் இருவருக்கும் இத்தனை வருஷம் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்."

காஜியார் சத்தம்போட்டு வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அங்கே பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். வாப்பாவிடம் குர்ஆன் ஓதியவர்களும் அதில் உண்டு. ஒருவர் சிரித்ததும் கேட்டது. வாப்பாவைப் பார்த்து யாரும் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை.

"ஒங்க வாப்பா நம்ம காலத்துல கட்டின சொல்ல, அந்தக் காலத்து பாலைவனத்து ஆளு பாடியிருக்க முடியாது" என்றார் காஜியார். "இத யாரு பாடினது? போன தடவ ஒங்க தம்பி பொய் சொல்லமாட்டார்னு சாட்சி சொன்னீங்கம்மா. இப்பவும் நீங்கதான் சொல்லணும்" என்றார்.

"அந்தப் பட்டியல ஓதினது ரெண்டே பேரு. ஒருத்தி நான். நான் பாட்டுக் கட்டல" என்றேன்.

அவர் தன் புத்தகத்தை எடுத்து, ஓரத்தில் எழுதியிருந்த சொல்லைக் கத்தி முனையால் சுரண்டினார். அழுத்திச் சுரண்டியதில் தாள் கிழிந்துவிட்டது. சாட்சியே பொய்யானபின் முன் தீர்ப்பு நிற்காது என்றார். நான் எழுந்துவிட்டேன். அவர் உட்காரச் சொல்லி, வாப்பா உயிரோடு இருந்தவரை அந்தக் கிணற்றை யாருடையதாக நடத்தினார் என்று கேட்டார். குப்பத்தாரைக் கூப்பிட்டு வரச் சொன்னார். எலும்பு கோணலாய்க் கூடியதால் மறுபடி கட்டுப்போட்ட கையோடு குப்பன் வந்தான். கிணறு தூர் வாரும்போதெல்லாம் கூலிக்கு வாப்பா அரிசி அளந்தது என் வீட்டுப் படியில்தான், கிணற்றை வீட்டோடு சேர்த்தே வைத்திருந்தார் என்று பன்னிரண்டு பேர் சொன்னார்கள். சாசனம் எழுதியவரின் எண்ணம் தெரிந்துவிட்டது, இனி பாட்டு எதற்கு என்று சொல்லி, கிணறு மகளுடையது என்று எழுதினார். வேலியைப் பிடுங்கும்போது பெண்கள் குலவை இட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

காஜியார் உங்கள் ஊருக்கும் எழுதப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

செய்னம்பு


காயல்பட்டினம்
ஷஃபான் பிறை 20

லாத்தாவுக்கு.

உங்கள் கடிதத்துக்கு முன்பே காஜியாரின் கடிதம் வந்துவிட்டது. மரைக்காயர் என்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை; என் புத்தகப் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மாணவர்கள் தங்கள் தாள்களில் நான் சொன்ன அடிகளையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சரியானவற்றையும்தான். நான் தெருவைத் தாண்டும்வரை ஒருவனும் தலை நிமிரவில்லை.

கிணற்றுக்காக வாப்பாவின் பிழையை ஊர் முன்னால் விரித்துவிட்டீர்கள். கபரில் இருப்பவர் எழுந்துவந்து பதில் சொல்ல முடியுமா? நான் செய்தது எனக்குத் தெரியும். நீங்கள் செய்ததையும் யோசித்துப் பாருங்கள்.

பள்ளிவாசலை ஒட்டி வழிப்போக்கர் தங்கும் கொட்டகையில் படுத்திருக்கிறேன். ஒன்பது நாளாகக் காய்ச்சல். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். ஊருக்கு வரலாமா என்று கேட்க நினைக்கிறேன்.

நெய்னா


பழவேற்காடு
ரமலான் பிறை 9

நெய்னாவுக்கு, லாத்தாவின் சலாம். வாடைக் காற்றில் சலங்கு நாகப்பட்டினத்தோடு நின்றுவிட்டதால் முனியன் அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறான். கால் இரண்டும் வீங்கியிருந்தன. உன் கடிதம் நேற்று அஸருக்குக் கிடைத்தது.

வாப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். அவர் பிழை செய்தார். தன் கையாலேயே கோடு போட்டு அடித்துவிட்டும் போனார். அந்தக் கோட்டைத்தான் நான் காட்டினேன். சிரித்தவர் பெருநாளைக்கு முன் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று காஜியார் சொல்லியிருக்கிறார்; வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

குப்பனின் கை கூடிவிட்டது, கொஞ்சம் கோணல். வலை வீசுகிறான். கிணற்றில் மழைத் தண்ணீர் மேலே வந்திருக்கிறது.

வா. உன் அறை அப்படியே இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு நான்தான் ஓதிக்கொடுக்கிறேன், அதில் நீ சேர வேண்டாம். காய்ச்சலுக்கு நிலவேம்பும் பழைய கம்பளி ஒன்றும் நாகப்பட்டினம் வரை போகும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து காயலுக்குச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். உடம்பு தேறியபின் தரைவழியாகவே கிளம்பு, கடல் வேண்டாம்.

ஒன்றை உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. ஒன்பது நாள் காய்ச்சல் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எழுந்தேன். முனியன் அதற்குள் குப்பத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் அவனை நிறுத்தினேன். "தம்பிக்கு நெசமாவே காய்ச்சலா முனியா? நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "பாத்தேம்மா. தொட்டுப் பாத்தேன், கொதிக்குது. கஞ்சி வாங்கியாந்து குடுத்துட்டுத்தான் கெளம்பினேன்" என்றான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

செய்னம்பு